இடம் மாற்றிக் கட்டிய மாடு

என் மகள் வாசலைத் தாண்டும்போது அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் எரிச்சல்பட்டாள். பிறகு, செருப்பு மாட்டக் குனியும்போதே தலையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கொடுக்கப் பழகிக்கொண்டாள். ஊட்டியில் நாங்கள் இருக்கும் காந்தலில், காலைக் குளிரில் எல்லார் நெற்றியும் ஜில்லென்றுதான் இருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும்.

அவள் கால்நடை மருத்துவர். படிப்பின் கடைசிக் கட்டத்தில், பயிற்சிக்குப் போன ஒரு பண்ணையில், மாட்டின் வயிற்றிலேயே இறந்துவிட்ட கன்றை வெளியே எடுத்தாள். கையுறை கிழிந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. அந்த மாட்டுக்குக் கன்று வீச்சு நோய் இருந்தது. சினை மாடு மாதம் நிறைவதற்கு முன்பே கன்றை வீசிவிடும் நோய் அது. மனிதர்களுக்கு வந்தால் பெயரே தெரியாத காய்ச்சலாக வரும். சாயங்காலம் ஏறும், விடியும்போது போர்வையெல்லாம் வியர்வையில் நனைந்திருக்கும், பகலில் ஒன்றுமே நடக்காததுபோல் இறங்கியிருக்கும். டைபாய்டு என்றார்கள், பிறகு வேறு ஏதோ என்றார்கள். மாடு பார்க்கிற பெண் என்பதை ஒரு மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சரியான ரத்தப் பரிசோதனை நடந்தது. அதற்குள் அவள் மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தாள். மாத்திரைகள் பல வாரம் ஓடின. குணமானது. "திரும்பியும் வரலாம், கவனமா இருங்க" என்று மருத்துவர் சொன்ன வாக்கியம் மட்டும் குணமாகாமல் எனக்குள் தங்கிவிட்டது.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவள் போய்ச் சேர்ந்த வேலை, அதே நோயைப் பற்றிய ஓர் ஆராய்ச்சித் திட்டம். பந்தலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வளர்க்கும் மாடுகளில் இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் அண்ணன், கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தில் அவளுக்காக ஒரு வேலை பேசி வைத்திருந்தார். கண்ணாடிக் குழாய்களைப் பார்க்கிற வேலை. மாடு அந்தக் கட்டடத்தின் வாசலுக்குக்கூட வராது. அவள் சரியென்று தலையாட்டிவிட்டு ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தாள்.

நான் ஊட்டியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். திட்டத்தில் கணக்குப் பார்த்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், ஆள் கிடைக்கவில்லை என்று அவள் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். நான் பார்த்துத் தருகிறேன் என்றேன். ஆராய்ச்சி ஆர்வம் என்று அவள் எண்ணியிருக்க மாட்டாள். எந்தக் கொட்டகையில் நோய் இருக்கிறது என்று கணக்கு சொன்னால், அந்தக் கொட்டகைக்குள் அவளைப் போகவிடாமல் தடுக்கலாம். எனக்கு வேண்டியது அதுதான்.

வேலை எளிமையானதாகத்தான் தெரிந்தது. எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்டவை. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அவற்றை லயம் என்கிறார்கள். மலைச்சரிவில் மேல் லயம், நடு லயம், கீழ் லயம். ஒவ்வொரு லயத்துக்கும் பின்னால் தகரக் கொட்டகைகளில் மாடுகள். முகாம் நடத்தி எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். எந்த வீட்டு மாட்டுக்கு நோய் இருக்கிறது, எதற்கு இல்லை என்று தெரியும். மாட்டின் வயது, எத்தனையாவது ஈற்று, எந்த ஓடையில் தண்ணீர், பக்கத்துக் கொட்டகை எவ்வளவு தூரம், இதையெல்லாம் வைத்து ஒரு மாடல் கட்ட வேண்டும். அதாவது, ஒரு கொட்டகையில் நோய் இருப்பதற்கான வாய்ப்பு இந்தக் காரணங்களால் எப்படிக் கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் ஒரு கணக்கு. அது சரியா என்று பார்க்கச் சில கொட்டகைகளின் முடிவை மறைத்து வைத்துவிட்டு, மற்றவற்றைக் காட்டி, மறைத்ததைச் சொல்லச் சொல்வோம். சரியாகச் சொன்னால் நம்பலாம்.

என் மாடல் சரியாகச் சொல்லவில்லை. நோய் பக்கத்துக் கொட்டகைக்குத்தான் முதலில் போகும் என்று நான் வைத்திருந்தேன். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். இங்கே நோய் பக்கத்துக் கொட்டகையைத் தொடவே இல்லை. படத்தில் கடுகை இறைத்தது போலப் புள்ளிகள். ஒன்று மட்டும் கண்ணுக்குப் பட்டது. மேல் லயத்தில் நோயுள்ள மாடுகள் கூடுதல், கீழ் லயத்தில் மிகக் குறைவு. அதை வைத்து மேல் லயத்துக்குச் சிவப்பும் கீழ் லயத்துக்குப் பச்சையும் அடித்து மகளிடம் நீட்டினேன்.

"இந்தத் தடவை நீ கீழ மட்டும் பாரு சாமி. மேல கால்நடை இன்ஸ்பெக்டர் சார் பாக்கட்டும்."

அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்தக் கணக்கு மாட்டுக்குப் போட்டதா, எனக்குப் போட்டதா?"

"ரெண்டுக்கும்தான்."

"மாட்டுக்குப் போட்ட மாதிரி தெரியலையே."

ஆனாலும் ஒத்துக்கொண்டாள். பச்சைக் கொட்டகைகள் உண்மையிலேயே நோயில்லாதவையா என்று இரண்டாம் முறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நானும் வருவேன் என்றதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு மழைநாளில் கூடலூர் வழியாக ஜீப்பில் போனோம். வண்டியை ஓட்டியவர் அந்தக் கால்நடை ஆய்வாளர்தான். கோயம்புத்தூர்க்காரர், மலைக்கு வந்து பல வருடம் ஆகிறது. வளைவுக்கு வளைவு நான் கம்பியைப் பிடிப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க டீச்சர், மாட்டுக்கு முன்னாடி உங்களுக்குத்தான் ஒரு ஊசி போடணுமாட்ட இருக்குதே."

"நீங்க ரோட்டைப் பாருங்க சார்," என்றாள் என் மகள். "அம்மாவுக்கு ஊசி போட்டுப் பாத்தாச்சு. கேக்காது."

கீழ் லயத்தின் கடைசிக் கொட்டகைக்குப் போனபோது அங்கே ஒரு மாடு ஈனுவதற்கு நின்றுகொண்டிருந்தது. பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியும் கன்று வரவில்லை. வீட்டுக்காரப் பெண் என் வயதுக்காரர். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் லீவு போட்டுவிட்டு மாட்டின் பக்கத்திலேயே நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பச்சைக் கொட்டகைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகள் அவசரப்படவில்லை. பிளாஸ்டிக் ஏப்ரன், தோள்வரை ஏறும் நீளக் கையுறை, அதன் மேல் இன்னொரு ஜோடி, முகக்கவசம், கண்ணாடி.

"கல்யாணப் பொண்ணு மாதிரில ஜோடிக்கிறீங்க டாக்டரம்மா. மாடு மாப்பிள்ளைக்குப் பொறுமை இல்ல," என்றார் அந்தப் பெண்.

அவள் உள்ளே போனாள், ஆய்வாளரும் போனார். நான் தகரத்துக்கு வெளியே, கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து நின்றேன். என்னைத் தனியாக விடக்கூடாது என்றோ என்னவோ, அந்தப் பெண்ணும் பக்கத்தில் வந்து நின்றார்.

"டாக்டரம்மாவுக்குப் போன வருசம் பெரிய காச்சலாமே. சாரு சொன்னாரு."

"ஆமாங்க. மாசக் கணக்குல."

"எப்புடிங்க தீந்துச்சு?"

"மாத்திரைதான். அப்புறம், காந்தல் குளிர் ஒத்துக்கலைன்னு மேட்டுப்பாளையத்துல எங்க அண்ணன் ஊட்டுக்குக் கொண்டு போனோம். அங்க போனதும் இறங்கிருச்சு."

எல்லாரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாத்திரை ஆரம்பித்ததும் மேட்டுப்பாளையம் போனதும் ஒரே வாரம் என்பதைச் சொல்வதில்லை. எந்த மாணவர் இப்படி ஒரு விடை எழுதினாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். என் பிள்ளை விஷயத்தில் மேட்டுப்பாளையம்தான் குணப்படுத்தியது என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

அந்தப் பெண் தலையாட்டினார். "அது சரிதான் டீச்சர். எடத்த மாத்துனாத்தான் தீரும். மாட்டுக்கே அப்புடித்தானே."

"மாட்டுக்கா?"

"இந்தா உள்ள நிக்குதே, இது எங்க அக்கா மாடு. மேல் லயம். அங்க நின்னப்ப ஏழாம் மாசமே கன்னு வீசிருச்சு. அந்தக் கொட்டா அதுக்கு ஆவல. அதான் இந்தச் சினைக்கு எடம் மாத்தி இங்க கட்டிருக்கோம். கன்னு போட்டு, தீட்டெல்லாம் போனதும் அக்கா வந்து ஓட்டிக்கிட்டுப் போயிரும்."

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. நான் உள்ளே எட்டிப் பார்த்து ஆய்வாளரிடம், மாட்டின் காது வில்லையைப் படிக்கச் சொன்னேன். அவர் மஞ்சள் வில்லையின் எண்ணைப் படித்து, தன் போனில் இருந்த முடிவுகளோடு ஒத்துப் பார்த்தார். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மேல் லயத்து வீட்டு எண். நோயுள்ள மாடு.

முகாம் நடந்தது பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் பிரித்து விடுகிற திடலில். எல்லாரும் மாடுகளை அங்கே ஓட்டி வந்தார்கள். யார் மாடு என்று கேட்டு, அவர் வீட்டு எண்ணை எழுதிக்கொண்டார்கள். எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றாது. மாடு அவர்களுடையது என்றால் அவர்கள் வீட்டில்தானே நிற்கும் என்று நாங்கள் நினைத்தோம். தங்கை வீட்டில் கட்டினாலும் அது அக்கா மாடுதானே என்று அவர்கள் நினைத்தார்கள்.

"வெளிய வா சாமி," என்றேன். "அது மேல் லயத்து மாடு. வெளிய வா."

அவள் கை தோள்வரை மாட்டுக்குள் இருந்தது.

"இப்ப வர முடியாதும்மா. முன்னங்கால் மடங்கியிருக்கு."

"சார் பாத்துக்குவாரு."

"சாருக்கும் ஊட்டுல அம்மா இருக்காங்க."

"இருக்காங்க டீச்சர்," என்றார் ஆய்வாளர், மாட்டின் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி. "ஆனா மாட்டுக் கொட்டாய்க்கெல்லாம் கூட வர மாட்டாங்க."

அவள் மடங்கிய காலை நிமிர்த்தினாள். இழுத்தாள். கன்று ஒரேயடியாக வந்து வைக்கோலில் விழுந்தபோது தெறித்ததில் ஒரு கீற்று, முகக்கவசத்துக்குக் கீழே அவள் கழுத்தில் பட்டதை நான் பார்த்தேன். அவளும் உணர்ந்திருப்பாள். கழுத்தைத் தொடாமல், கைகளை விரித்து வைத்துக்கொண்டு வெளியே வந்து, "சோப்புத் தண்ணி ஊத்தும்மா" என்றாள். ஊற்றினேன். பாதித் தண்ணீர் அவள் பூட்ஸுக்குள் போனது.

கன்று உயிரோடு இருந்தது. காதை ஆட்டியது. அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா டீச்சர். எடம் மாத்துனதும் உசுரோட போட்டிருச்சு." கீழே விழுந்த நஞ்சுக்கொடியைச் சாக்கில் அள்ளித் தேயிலைக்குள் எறியப் போனவரை மகள் தடுத்தாள். ஆய்வாளர் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்.

திரும்பும்போது கூடலூரில் தேநீருக்கு நிறுத்தினோம். அங்கேதான் மகள் விளக்கினாள். இந்த நோய் வந்த மாடு பெரும்பாலும் ஒருமுறைதான் கன்று வீசும். அடுத்த சினையில் மாதம் நிறைந்து உயிரோடு ஈனும், எங்கே கட்டினாலும். நோய் மட்டும் போகாது. ஈனும்போது அந்த நீரிலும் கொடியிலும் வண்டி வண்டியாகக் கிருமி வெளியே வரும்.

"அப்ப அந்தக் கொட்டாயில இருக்கிற அவங்க சொந்த மாடு?"

"அடுத்து அது கன்னு வீசும். அந்தக் கொட்டா ஆவலைன்னு அதை எங்கயாவது மாத்திக் கட்டுவாங்க."

இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது என்று ஒவ்வொரு முறையும் கண் முன்னால் தெரியும். அதை எப்படி நம்பாமல் இருப்பார்கள். நான் மேட்டுப்பாளையத்தை நம்பியவள். தேநீர் ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

மருத்துவரிடம் போனோம். தோலில் பட்டது, உடனே கழுவியாயிற்று, காயமில்லை, ஆபத்து குறைவுதான் என்றார். காய்ச்சலைக் கவனிக்க வேண்டும். பழைய நோயின் தடயம் அவள் ரத்தத்தில் இன்னும் இருப்பதால், இன்றைக்கு ஒருமுறையும் சில வாரம் கழித்து ஒருமுறையும் பார்த்து, அளவு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். அன்றைக்கே அண்ணனுக்கு போன் செய்து, கோயம்புத்தூர் வேலைக்கு அவள் வருகிறாள் என்று சொல்லப் போனேன். மகள் போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டாவது ரத்தம் பாக்கிற வரைக்கும் பொறும்மா. ஏறியிருந்தா நான் கோயம்புத்தூர் போறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா அப்ப பேசலாம்."

அந்த வாரங்களில் நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். மாடலைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினேன். மகளும் ஆய்வாளரும் வீடு வீடாகப் போய்க் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். எத்தனை மாடு என்று கேட்பதை விட்டு, இந்த மாடு கடைசியாக எங்கே கன்று போட்டது, அதற்கு முன்னால் எங்கே, என்று கேட்டார்கள். யாரும் மறைக்கவில்லை. சந்தோஷமாகச் சொன்னார்கள். தங்கச்சி வீட்டில், மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில், சம்பந்தி கொட்டகையில். நான் கொட்டகைகளுக்கு நடுவில் தூரத்தை அழித்துவிட்டு, மாடு போய்வந்த வழியைக் கோடாகப் போட்டேன். திரையில் வந்த படத்தை நோய்ப் படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யார் வீட்டுப் பெண் யார் வீட்டுக்கு வாக்கப்பட்டாள் என்று காட்டுகிற படம் போலிருந்தது. கடுகாக இறைந்து கிடந்த புள்ளிகள் அந்தக் கோடுகளின் முனைகளில் போய் உட்கார்ந்தன.

சில கொட்டகைகளை மறைத்து வைத்துக் கேட்டுப் பார்த்தேன். முன்பு காசு சுண்டிப் போட்டதுபோலச் சொன்ன மாடல் இப்போது பெரும்பாலும் சரியாகச் சொன்னது. அடுத்து, நடக்காத ஒன்றைக் கேட்டேன். இனி மாடுகளை ஈனுவதற்கு இடம் மாற்றாமல், கிடேரி என்கிற பெண் கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டே வந்தால் என்ன ஆகும். நோயுள்ள மாடுகளின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு இறங்கியது. இப்படிப்பட்ட கணக்கில் ஒரு கோடு மட்டும் வராது. எவ்வளவு தப்பலாம் என்று காட்ட மேலும் கீழும் ஒரு நிழல் பட்டையும் வரும். நான் எப்போதும் அந்த நிழலின் மோசமான ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அன்றைக்கு அந்த ஓரமும் இறங்கித்தான் இருந்தது. பக்கத்து அறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். போய் நெற்றியைத் தொட்டுவிட்டு வந்தேன். ஜில்லென்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில் பெண்களைக் கூப்பிட்டுப் பேசினோம். என் படங்களைக் கொண்டு போயிருந்தேன். மகள் அவற்றைப் பையிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள். கன்று வீசிய மாட்டை இடம் மாற்ற வேண்டாம், எங்கே நிற்கிறதோ அங்கேயே அடுத்த கன்றை உயிரோடு போடும், நாங்கள் வந்து கொட்டகையைச் சுத்தம் செய்து தருகிறோம், கிடேரிகளுக்கு ஊசி போடுகிறோம், பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம் என்றாள்.

மேல் லயத்து அக்கா, அன்று ஈன்ற மாட்டின் சொந்தக்காரர், முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "ஏன் டாக்டரம்மா, எங்க மாடு தங்கச்சி ஊட்ல உசுரோட போட்டத நீங்களே கையால எடுத்தீங்க. இப்ப மாத்தாதீங்கன்னா?"

"மாத்தாம இருந்தாலும் போட்டிருக்கும்கா."

"அத யாரு கண்டா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அது நல்ல கேள்வி. நான் வகுப்பில் வருடா வருடம் கேட்கிற கேள்வியும் அதுதான். மாற்றாத மாடு ஒன்று இருந்தால்தானே ஒப்பிட முடியும். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் மாத்தலியே. என் மாடும் வீசுச்சு. மறு ஈத்து நல்லாத்தானே போட்டுச்சு."

"நீ ஏன் மாத்தல?"

"எனக்கு இந்த எஸ்டேட்டுல எவ இருக்கா மாத்திக் கட்ட? ஒன் ஊட்டுக்கு ஓட்டிட்டு வந்தா நீ கட்ட விடுவியா?"

"விட மாட்டேன்," என்றார் அக்கா. மறுபடி சிரிப்பு. ஆனால் அதற்குப் பிறகு பேச்சு அவர்களுக்குள்ளேயே ஓடியது. கொட்டகை கிடைக்காமல் போன இன்னொரு மாடு, மழையில் ஓட்ட முடியாமல் விட்ட ஒரு மாடு, புருஷனோடு சண்டையில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்ட ஒரு மாடு. ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, அது உயிரோடு போட்டதா இல்லையா என்று அவர்களே சண்டை பிடித்துத் தீர்த்தார்கள். பெரும்பாலும் போட்டிருந்தன.

அக்கா கடைசிவரை முழுதாக இறங்கி வரவில்லை. அவரிடம் இன்னொரு மாடும் இருந்தது. அதுவும் கன்று வீசி, மறுபடி சினையாகியிருந்தது. அதைத் தன் அண்ணன் வீட்டுக்கு மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, மாத்தல. வீசிருச்சுன்னா யாரு பொறுப்பு? டீச்சரா?"

"நான் வந்து நிப்பேன்கா," என்றாள் என் மகள். "நாள் நெருங்கினதும் சொல்லுங்க. அது போடுறப்ப நான் பக்கத்துல இருப்பேன்."

அத்தனை பேர் முன்னால் சொன்னாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோயுள்ள மாடு, சிவப்பு அடித்த லயம், அது ஈனுகிற நேரம். நான் எதிலிருந்து அவளை விலக்கி வைக்க அந்தக் கணக்கையே கையில் எடுத்தேனோ, அதற்கு நடுவில் போய் நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.



இரண்டாவது ரத்த முடிவு மறுவாரம் வந்தது. அவள் போனில் வந்ததை அவள் பார்க்காமல் என்னிடம் நீட்டினாள். முதல் எண்ணையும் இரண்டாம் எண்ணையும் பார்த்தேன். எண்களையே பார்த்துப் பிழைக்கிற எனக்கு அந்த இரண்டில் எது பெரிது என்று சட்டென்று புரியவில்லை. மருத்துவருக்கு போன் போட்டுக் கேட்டேன். ஏறவில்லை என்றார், கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார். திரும்பவும் ஒருமுறை கேட்டேன். அவர் பொறுமையாகத் திரும்பவும் சொன்னார்.

அண்ணன் அன்று சாயங்காலம் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த லேப்ல பதில் கேக்கறாங்க. புள்ளைய எப்ப கூட்டிட்டு வர்றே? இங்க வந்துட்டா உனக்கும் நிம்மதி. போன தடவை பாத்தியல்ல, மேட்டுப்பாளையம் வந்ததும் எப்படித் தேறிட்டா."

"அது மாத்திரைண்ணா," என்றேன். "அவ இங்கயே இருக்கட்டும்."

மகள் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். பொங்கிய பாலை ஊதி அடக்கிவிட்டு, இன்னொரு பொங்கு பொங்க விட்டாள்.

இப்போது அவள் கூடலூரில் ஓர் அறை எடுத்து, வாரத்தில் பெரும்பாலான நாள் அங்கேதான் தங்குகிறாள். எஸ்டேட்டுக்கு அது பக்கம். காலையில் தொட்டுப் பார்க்க எனக்கு நெற்றி கிடையாது. எட்டு மணிக்கு முன்னால் ஒரு போன் வரும். "ஜில்லுன்னுதான் இருக்கு" என்பாள். சில நாள் அவ்வளவுதான் பேச்சு.

மேல் லயத்து அக்காவின் இரண்டாவது மாடு ஈனும் நாள் நெருங்கியபோது, நானும் வரட்டுமா என்று கேட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்தவில்லையா என்றாள். அதற்கு வலி கண்ட அன்றைக்கு மதியம் கல்லூரியில் பேப்பர் திருத்திக்கொண்டுதான் இருந்தேன். ஒரே விடைத்தாளை எடுத்து வைப்பதும் திரும்ப எடுப்பதுமாக. போன் வந்தபோது அவள் எண்தான். குரல் அவளுடையதல்ல.

"டீச்சர், நான் மேல் லயத்து அக்கா பேசுறேன். எடம் மாத்தாமலே போட்டிருச்சு. கெடேரி. எந்திரிச்சு நிக்கப் பாக்குது."

"டாக்டர் எங்கங்க?"

"இங்கதான். கொட்டாய்க்கு வெளிய கை கழுவுது."

"கையுறை போட்டிருந்தாளா? ரெண்டு ஜோடி?"

"அதெல்லாம் போட்டுச்சு. என்னையே கிட்ட விடல." அந்தப் பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஏன் டீச்சர், ஒங்க புள்ள எப்பவும் இப்புடித்தானா? ஒரு சோப்பே கரைஞ்சு போச்சு. இன்னும் கழுவிக்கிட்டே இருக்கு."

"கழுவட்டுங்க," என்றேன். "முடிக்கிற வரைக்கும் போனை வெச்சிராதீங்க."

அவர் வைக்கவில்லை. தண்ணீர் விழுகிற சத்தத்தையும், நடுவில் ஒரு கன்று கத்துவதையும் கேட்டுக்கொண்டே நான் அடுத்த விடைத்தாளை எடுத்தேன்.